மாடிக்கு மாடி ஓடும் வயர்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோயம்புத்தூரை விட்டு மறுபடி ராயபுரத்துக்கே வருகிறாய் என்று படித்ததும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். தங்கச்சிக்குத்தான் இந்த ஊர் வெயில் பழக வேண்டும்.

சரி, எந்த நெட் கனெக்‌ஷன் போடலாம் என்று கேட்டிருந்தாய். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். என் கதையைக் கேள்.

போன வருஷம் பெரிய கம்பெனி ஒன்றில் 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பிளான் போட்டேன். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ரவுட்டர் பெட்டியில் (வீட்டுக்குள் வைஃபை கொடுக்கிறதே, அது) சிவப்பு விளக்கு எரிந்தது. நெட் வருகிற கண்ணாடி இழை வயர், அதாவது ஃபைபர், எங்கேயோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். கஸ்டமர் கேரில் பேசியவர் 48 மணி நேரம் என்றார். நாலு நாள் ஆனது. பெரியவளுக்கோ ராத்திரி ஷிஃப்ட், வீட்டிலிருந்துதான் வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரம்பூரில் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். தினமும் விடியற்காலை நான்தான் போய் அழைத்து வந்தேன், இந்த முழங்காலோடு.

இப்போது எங்கள் தெரு கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ். அறுந்தால் ஒரு பையன் ஏணியோடு வருகிறான், இரண்டு முனையையும் மெஷினில் வைத்து ஒட்டுகிறான், டீ குடித்துவிட்டுப் போகிறான். நம் காலத்தில் மாடிக்கு மாடி மாஞ்சா நூல் ஓடியது நினைவிருக்கிறதா? இப்போது அதே மாடிகளில் ஃபைபர் ஓடுகிறது. அறுபடாமல் இருக்காது. அறுந்த அன்றைக்கு யார் வருவார்கள் என்பதை மட்டும் பார். உன் தெரு இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் விசாரி, "மழைக்கு எத்தனை நாள் போகும்?" என்று. எல்லாத் தெருவிலும் கேபிள்காரர் இப்படி இருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன் பக்கத்தில் பெரிய கம்பெனி ஆள்தான் ஓடி வருகிறான் என்றால் அதையே போடு.

வேகத்தைப் பார்த்து மயங்காதே. 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடில் நொடிக்குப் பன்னிரண்டு எம்பிதான் தெரியும். எம்பிபிஎஸ் பிட் கணக்கு, எம்பி பைட் கணக்கு; எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேர் படம் பார்க்க, பேரனோடு வீடியோ காலில் பேச அதில் பாதியே போதும். ஒரு ஃபைபரை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி ஓடுகிறது என்று பக்கத்து வீட்டில் கேள். பகலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். அப்லோட், அதாவது நாம் அனுப்புகிற வேகம், எவ்வளவு என்றும் கேள், தானாகச் சொல்ல மாட்டார்கள். சொல்லும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். ஆறு மாசம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மழை போகட்டும், மாசாமாசம் கட்டு.

பழைய டெலிபோன் லைனே இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். அந்தச் செம்புக் கம்பி வேண்டாம். கடல் காற்றில் களிம்பேறி, உன் அப்பா போனில் பேசினால் கரகரவென்று அடுப்பில் வடை பொரிகிற மாதிரி கேட்குமே! ஃபைபர் கண்ணாடி, அதற்கு உப்புக் காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன பேட்டரி யுபிஎஸ் கிடைக்கிறது, வாங்கி வை.

அப்புறம், கல்மண்டபம் பக்கம் நீ பார்த்த வீடு சுண்ணாம்புச் சுவர் என்றாயே. ஒன்றரை அடிச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை (வேகமான வைஃபை அலை) எளிதில் தாண்டாது. வயர் நுழைகிற வாசலிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். விடாதே, நடு ஹாலில் மாட்டச் சொல்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் ஒரு வரி எழுது. சாமான் இறக்குகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுகிறேன். சங்கராவா, வஞ்சிரமா என்று தங்கச்சியிடம் கேட்டுச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்