ஸ்லைட்ஹோம் மூரில் எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

செப்டம்பர் கடைசியில், பென்னைன் வே பாதையில் டான் ஹில்லுக்கும் போஸ் கிராமத்துக்கும் நடுவே என் அக்கா கணுக்கால் முறிந்து விழுந்தபோது உதவிய எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாகக் கடிதம் போட்டுவிட்டோம். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் ஃபோனில் "உங்களை யார் அங்கே போகச் சொன்னது?" என்றுதான் கேட்கிறார்கள், யார் காப்பாற்றியது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் அவர்களும் படிக்கும்படி இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பென்னைன் வே 1965-இல் திறக்கப்பட்ட நடைபாதை. ஈடேலில் தொடங்கி, இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் மலைத்தொடர் வழியாக, ஸ்காட்லாந்து எல்லை தாண்டிக் கிர்க் யெத்தம் வரை 268 மைல் போகிறது. எங்களைப் போன்றவர்கள் அதைத் துண்டு துண்டாக நடப்போம். காலையில் ஒரு பப்பிலிருந்து கிளம்பி, மதியம் இன்னொன்றில் சூப் குடித்து, இரவு மற்றொன்றில் தங்குவது வழக்கம். பப் என்றால் குடிக்கிற இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த மேட்டு நிலத்தில் சாப்பாடு, படுக்கை, கணப்பு, ஈர உடை காயவைக்கும் அறை, வழி விசாரிக்கும் இடம் எல்லாம் அதுதான். டான் ஹில் விடுதி 528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமான பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது, பாட்டுக் கச்சேரி கேட்க வந்த சுமார் 60 பேர் பனியில் சிக்கி மூன்று இரவுகள் அங்கேயே இருந்தார்கள். சுற்றிலும் மரமே கிடையாது. பழுப்புப் புல்லும் ஹெதர் புதரும், அவற்றுக்கு அடியில் பீட் என்கிற கறுப்புச் சேறும்தான். மூர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். க்ரவுஸ் என்று ஒரு காட்டுக்கோழி உண்டு. நாம் பக்கத்தில் போனாலே "கோ-பேக், கோ-பேக்" என்று கத்திக்கொண்டு கிளம்பும். கறுப்புக்கொடி ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது போல இருந்தது என்று அத்தான் சிரித்துக்கொண்டே வந்தார்.

முதல் நன்றி டான் ஹில் பாரில் நின்ற தம்பிக்கு. சூப்புக்குப் பணம் வாங்கும்போது, "இன்றைக்கு ராத்திரி எங்கே தங்கல்?" என்று கேட்டீர்கள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தோம். "போஸ், நாலு பேர், ஒன்றேகால் மணி" என்று பில் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதி வைத்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு வாரமாகப் பெரிய மழை இல்லை, ஃப்ரமிங் பெக் ஓடையை ஒட்டிப் போகும் பாதையிலேயே போகலாம், வெள்ளைத் தலை வைத்த கம்பங்களை விடாதீர்கள் என்றீர்கள். அதையும் அந்தத் தாளில் குறித்திருக்கிறீர்கள்.

மழை இரவில்தான் என்று வானிலை அறிக்கை சொன்னது. மூன்று மணிக்கே மேகம் தரையில் இறங்கிவிட்டது. அடுத்த கம்பம் தெரியவில்லை. புல் மூடியிருந்த ஒரு பீட் குழியில் அக்காவின் கால் இறங்கியது, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் காற்றோடு மழை. ஃபோனில் சிக்னல் இல்லை. மழையே பெய்யாத நாளாகப் பார்த்து நடக்க வேண்டியதுதானே என்று கேட்கிற மாமாக்களுக்கு: அப்படிப் பார்த்தால் இங்கிலாந்தில் யாரும் வாசலைத் தாண்ட முடியாது.

அத்தானின் முதுகுப்பை வாரில் ஒரு விசில் இருந்தது. நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. மலையில் உதவி கேட்கிற முறை அது. ஊதி ஊதி அவருக்கு உதடு மரத்துப்போன நேரத்தில், எங்களுக்குப் பின்னாலிருந்து மூன்று ஊதல் பதிலாக வந்தது.

ஷெஃபீல்டு பெரியவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம். வந்ததும் எங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பெரிய துணிப்பை ஒன்றை உருவினீர்கள். கம்பு, கயிறு எதுவும் இல்லாத கூடாரம் அது. தலைக்கு மேலே இழுத்து, ஓரத்தை அடியில் போட்டு எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்தால் போதும். மூச்சுக் காற்றிலேயே உள்ளே கதகதப்பு வந்துவிட்டது. அக்காவின் நடுக்கத்தை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தீர்கள். நடுங்குகிற வரை பயமில்லை, குளிரோடு இருக்கும்போதே நடுக்கம் நின்றால்தான் ஆபத்து என்று பிற்பாடு எனக்குச் சொன்னீர்கள். "ரெஜிஸ்டர்" என்று இங்கே அவசர உதவி எண்ணான 999-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி முன்கூட்டியே பதிந்துகொண்டால், பேசுவதற்குச் சிக்னல் போதாத இடத்திலும் எழுத்தில் உதவி கேட்கலாமாம். நீங்கள் பதிந்து வைத்திருந்தீர்கள். வரைபடக் கட்ட எண்ணோடு செய்தி பலமுறை திரும்பி வந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. மீதி நேரம் முழுக்க நீங்கள் வளர்த்த நாய்களின் கதை. அக்கா வலியிலும் "அந்த மூன்றாவது நாய் என்ன ஆயிற்று?" என்று கேட்டாள்.

அதே சமயம் போஸில், நாங்கள் பார்த்தே இராத ஒருவர் எங்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பப் நடத்தும் அம்மா, ஐந்தரைக்கும் நாங்கள் வராததால் நீங்கள் டான் ஹில்லுக்குப் ஃபோன் போட்டீர்கள். தம்பி தாளை எடுத்துப் படித்தார். நீங்கள் உடனே 999-ஐக் கூப்பிட்டுப் போலீஸையும், அவர்கள் மூலம் மலை மீட்புக் குழுவையும் கேட்டீர்கள். பெரியவரின் செய்தி போய்ச் சேர்ந்தபோது, நாங்கள் எத்தனை பேர், எப்போது கிளம்பினோம், எந்தப் பாதையில் போனோம் என்பதெல்லாம் அவர்கள் கையில் தயாராக இருந்தது. ஆட்களும் கிளம்பியிருந்தார்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னார்.

குவாட் பைக்கில் முன்னால் வந்த பண்ணைக்காரருக்கும் நன்றி. எந்த இடம் வண்டியைத் தாங்கும், எது விழுங்கும் என்று அந்த இருட்டிலும் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மீட்புக் குழுவினரே, நீங்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், சம்பளம் இல்லாதவர்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் இரவுச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தீர்கள். வலி குறைய வாயு கொடுத்து, காலை ஒரு பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சியதும் அந்தப் பை கல்லாக இறுகியது. கட்டுப் போட்டவர் கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும் அக்கா ஒரு நொடி முழித்தாள். "கவலைப்படாதீர்கள், நீங்கள் உதைக்கவில்லை, அதுவே பெரிய உதவி" என்றார் அவர். ஸ்ட்ரெச்சரை ஆள் மாற்றி ஆள் மாற்றி, முழங்கால் சேற்றில் வண்டிப்பாதை வரை தூக்கி வந்தீர்கள். லேண்ட் ரோவரில் ஏற்றும்போது அக்கா என் காதில், "இதற்கு எவ்வளவு பில் வரும்டா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பில்லே கிடையாது, நன்கொடையில்தான் குழு ஓடுகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கூடியவர்களிடம் அத்தான் உண்டியல் குலுக்கியிருக்கிறார். தொகை உங்கள் கணக்குக்கு வந்திருக்கும்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். அக்கா இப்போது ஊன்றுகோலோடு மாடி ஏறுகிறாள்.

பப் அம்மாவுக்கு இன்னொரு கடன் பாக்கி. நானும் மனைவியும் வந்து சேர்ந்தபோது சமையலறை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. நாங்கள் சைவம் என்றதும், லீக் போட்ட உருளைக்கிழங்கு சூப்பை மறுபடி அடுப்பேற்றி, "சாப்பிடு, லவ், அப்புறம் அழலாம்" என்று என் மனைவியிடம் சொன்னீர்கள். யாரும் படுக்காத அந்த இன்னோர் அறைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். முறுக்கு டப்பா கிடைத்ததா? காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறோம்.

பெரியவரே, உங்கள் ஆரஞ்சுப் பை எங்களிடமே தங்கிவிட்டது. என் மனைவி அதைப் போர்த்தியபடியே வண்டியில் ஏறிவிட்டாள். நீங்களோ தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, கூடாரம் போட இடம் தேடி நடந்துவிட்டீர்கள். பையைத் துவைத்துக் காயவைத்து டான் ஹில்லுக்கு அனுப்பியிருக்கிறோம். பெயர் தெரியாததால் "ஷெஃபீல்டுக்காரர், நாய்க்கதை சொல்பவர்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் போனால் பாரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
அக்கா, அத்தான், என் மனைவி, நான்