எரிசக்திப் புல் வளர்க்கலாம், கொறங்காட்டை உழ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளகோவில் பக்கத்தில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர். ஆறு ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் காடு, மூன்று ஏக்கர் தோட்டம். கட்டுத்தரையில் காங்கேயம் மாடு இரண்டு, சிந்து மாடு மூன்று, பட்டியில் செம்மறி இருபது. எனக்கு வயது 63. போன வாரம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் காரில் வந்து இறங்கினான். "ஏனுங்கம்மா, இந்தக் காடு சும்மாதானே கெடக்குது? உழுது நேப்பியர் புல் போட்டுடுங்க. நாங்களே வந்து வெட்டி எடுத்துக்கறோம். கேஸ் எடுக்கிற கம்பெனிங்க" என்றான். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். மரியாதை தெரிந்த பையன்தான். ஆனால் 'சும்மா' என்றானே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கொறங்காடு சும்மா கிடப்பதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். எங்கள் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருடம் என்போம். அந்த மழையில் விதைக்காமல், உரம் போடாமல், ஒரு சொட்டு பாசனம் இல்லாமல் அந்தப் புல் தானாகத் துளிர்க்கும். காட்டை மூன்று நான்கு துண்டாக வேலி பிரித்து ஒவ்வொன்றாக மேய்ப்போம். முதலில் மாடு இறங்கும், அது விட்டதை அப்புறம் செம்மறி பொறுக்கும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வேலாங்காய் உதிரும், ஆடு அதைத் தின்று ஓட்டிவிடும். காங்கேயம் மாடு என்று ஊரே பெருமை பேசுகிறதே, அந்த மாடு நின்று வளர்ந்த தரை இது. வருவாய்த்துறைக் கணக்கில் இது தரிசு மாதிரித் தெரியலாம். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

இதே பேச்சை நான் முன்னமே ஒரு முறை கேட்டு ஏமாந்தவள். 2006ல் காட்டாமணக்கு வந்தது. தண்ணீர் வேண்டாம், கல்லுக்காட்டிலும் வளரும், விதையில் டீசல் எடுக்கலாம் என்றார்கள். திட்டக்குழு 2003லேயே நாடு முழுக்க நடச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தது. கலாம் ஐயா மாதிரி பெரியவர்களே அதைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள் நம்பாமல் இருப்போமா? என் வீட்டுக்காரர் மூன்று ஏக்கர் கொறங்காட்டை டிராக்டர் விட்டு உழுதார். வேலா மரங்களை விறகுக்கு விற்றோம். தண்ணீர் வேண்டாம் என்ற செடிக்கு முதல் இரண்டு கோடையிலும் குடத்தில் ஊற்றினேன். மூன்றாம் வருடம் மூன்று ஏக்கரும் சேர்ந்து இரண்டு மூட்டை விதை கொடுத்தது. வாங்கிக்கொள்கிறேன் என்றவரின் நம்பருக்குப் போட்டால் 'உபயோகத்தில் இல்லை'. செடியாவது ஆட்டுக்கு ஆகுமா என்றால் அது விஷம், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 2011ல் ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம். பக்கத்துக் காட்டில் கொழுக்கட்டைப் புல் விதையை மடியில் கட்டி வந்து, எருவோடு பிசைந்து புரட்டாசி மழைக்குத் தூவினேன். மாடு இறங்கி மேய்கிற அளவுக்குத் தரை மூட நாலு வருடம் ஆயிற்று. மரம் இன்னும் என் உயரம்தான். (2012ல் ஈமு கோழி வளர்ப்பும் இப்படித்தான் கவிழ்ந்தது, அதைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.)

நேப்பியர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தோட்டத்தில் முப்பது சென்ட் கோ-4 போட்டிருக்கிறேன், அது இல்லாவிட்டால் சிந்து மாடுகள் பால் கறக்காது. கம்பையும் யானைப்புல்லையும் ஒட்டுச் சேர்த்து கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008ல் வெளியிட்ட ரகம். விதை பிடிக்காது, கரும்பு மாதிரி இரண்டு பருக் கரணை வெட்டி நட வேண்டும். எழுபத்தைந்து, எண்பது நாளில் முதல் அறுப்பு, அதற்கப்புறம் நாற்பத்தைந்து நாளுக்கு ஒன்று. தண்ணீரும் எருவும் குறையாமல் இருந்தால் ஏக்கருக்கு வருடத்தில் 150 டன் வரைக்கும் கிடைக்கும் என்கிறார்கள், பொய்யில்லை. 'தண்ணீரும் எருவும் குறையாமல்' என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும்.

நாங்கள் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலின் கடைமடை. நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிற தண்ணீர், எங்களிடம் வரும்போது வாய்க்காலின் அடியைத்தான் நனைக்கும். மற்ற நாளில் 900 அடி போர்தான். முப்பது சென்ட்டுக்கே மோட்டார் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. ஆறு ஏக்கருக்கு? 900 அடியிலிருந்து கரண்டில் தண்ணீரை இழுத்து, அதில் புல் வளர்த்து, அந்தப் புல்லில் கேஸ் எடுத்தால், மோட்டார் தின்ற கரண்ட்டாவது அதில் திரும்பி வருமா? பையனிடம் கேட்டேன். "விவசாயத்துக்குக் கரண்ட் ஃப்ரீதானுங்களே" என்றான். எனக்கு ஃப்ரீ, நிலத்தடித் தண்ணீருக்கு யார் ஃப்ரீ கொடுத்தார்கள்?

அப்புறம் லாரிக் கணக்கு. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பத்து டன் ஏற்றினால் எட்டு டன் எங்கள் போர்த் தண்ணீர்தான் டீசல் செலவில் ஊர் விட்டுப் போகிறது. ஆலை எங்கே என்று கேட்டதற்கு நாற்பது கிலோமீட்டர் என்றான்.

எரிவாயுவைப் பற்றி இந்தக் கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். 1988லிருந்து என் அடுப்பு கோபர் கேஸில்தான் எரிகிறது. இரண்டு கன மீட்டர் கலன், ஐந்து மாட்டுச் சாணி. தினமும் காலையில் ஐம்பது கிலோ சாணிக்கு அதே அளவு தண்ணீர் விட்டு, கல்லும் தட்டுத் துணுக்கும் பொறுக்கி, கையால் கரைத்து ஊற்றுகிறேன். இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் 2004ல் ஃபைபர் மூடி மாற்றினோம். மார்கழிக் குளிரில் கேஸ் மந்தமாகும். அப்போது வெந்நீரில் சாணி கரைப்பேன், என் மருமகள் சிரிப்பாள். மற்ற மாதங்களில் காப்பியிலிருந்து ராத்திரி ரசம் வரைக்கும் அதிலேயே முடியும். சிலிண்டர் ஒன்று மூலையில் இருக்கிறது, விருந்தாளி வந்தால் எடுப்போம்.

கேஸை விட எனக்குப் பெரிசு, மறுபக்கத் தொட்டியில் வழிகிற கரைசல். எரிந்து போவது மீத்தேன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் கரைசலிலேயே தங்கிவிடும். அதை வாய்க்காலில் கலந்து விட்டுத்தான் என் கோ-4 நிற்கிறது. ஒரு தடவை கை ஒடிந்து ஆறு மாதம் கரைசல் விடாமல் போனபோது புல் பேனா தண்டி ஆகிவிட்டது. வருடத்துக்கு ஏழு அறுப்பு அறுத்துக் கொண்டுபோய், கரைசலை ஆலைக்காரரே மூட்டை கட்டி வேறு எங்கோ விற்றால், மூன்று வருடத்தில் எங்கள் மண் ஓட்டாண்டிதான். அந்தப் பையன் கொடுத்த துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

விவசாயத்திலிருந்து எரிபொருள் எடுப்பது கொங்குநாட்டுக்குப் புதிதா என்ன? கவுந்தப்பாடிப் பக்கம் என் அண்ணன் வீட்டில் வெல்லம் காய்ச்சுகிறார்கள். சாறு பிழிந்த சக்கையை அங்கேயே காயப்போட்டு அதே அடுப்பில் தள்ளுவார்கள், வெளியிலிருந்து ஒரு கட்டு விறகு வாங்குவதில்லை, சாம்பல் அதே கரும்புக் காட்டுக்குப் போகும். காங்கேயத்தில் அரிசி ஆலைப் பாய்லருக்கு உமி போகிறது. சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுத் தண்ணீரில் கேஸ் பிடிக்கிறார்கள். இவற்றில் எதற்கும் யாரும் புதுசாக ஒரு ஏக்கரை உழவில்லை. பல்லடம், நாமக்கல் கோழி எரு, பொள்ளாச்சி தென்னைக் கழிவு, சந்தைகளில் அழுகும் காய், ஊரெல்லாம் எருக்குழியில் காய்கிற சாணி என்று கிடப்பதெல்லாம் கிடக்க, பச்சைக் காட்டை ஏன் தேடுகிறார்கள் என்றுதான் புரியவில்லை. சேகரிக்கிற வேலை கஷ்டம், ஒரே இடத்தில் நிற்கிற புல்லை மெஷின் விட்டு வெட்டுவது சுலபம், அதுதானே?

2018ல் மத்திய அரசு இப்படிக் கேஸ் எடுக்கிற 5,000 ஆலை வரும் என்று திட்டம் அறிவித்தது. இதுவரை வந்தது அதில் சிறு பங்குதான் என்று என் மகன் படித்துச் சொன்னான். வண்டிக்குப் போடுகிற கேஸிலும் குழாயில் வீட்டுக்கு வருகிற கேஸிலும் 2025-26ல் 1 சதவீதம், 2028-29ல் 5 சதவீதம் இந்தக் கேஸ் கலந்தே ஆக வேண்டும் என்று விதியும் போட்டிருக்கிறார்களாம். அப்படியென்றால் இந்தப் பையன் மாதிரி இன்னும் பல பேர் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். வேளாண்துறை அதிகாரிகள் அவர்களுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வர வேண்டும். கொறங்காட்டை உழுகிற ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் தமிழில், டன்னுக்கு இன்ன விலை, சொன்ன நாளில் வெட்ட வராவிட்டால் இன்ன நஷ்ட ஈடு என்று எழுத்தில் இருக்க வேண்டும். முற்றிய புல் ஒருநாள் பொறுக்காது, மாடும் தின்னாது. ஆலை பெரிசாக ஒன்றே ஒன்று கட்டுவதற்குப் பதில், பால் சங்கம் மாதிரி பத்துக் கிலோமீட்டருக்குள் சின்னதாக ஒன்று இருந்தால் நானே தினமும் சாணி கொண்டுபோய் ஊற்றுவேன்.

அந்தப் பையன் கிளம்பும்போது நம்பர் கொடுத்துவிட்டுப் போனான். புல் ஏற்றிப் போகிற லாரி திரும்பி வரும்போது கரைசலை ஏற்றி வந்து இறக்கும் என்று எழுதித் தருவீர்களா, அப்படியானால் தோட்டத்தில் இன்னும் இருபது சென்ட் போடுகிறேன் என்று மருமகளை விட்டு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்து ஐந்து நாள் ஆகிறது.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருத்தி,
வெள்ளகோவில் அருகே, திருப்பூர் மாவட்டம்.