புது கிட்டார் வாங்கப் போகும் மகளுக்கு

திருச்சி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கிட்டார் படங்களை எல்லாம் பார்த்தேன். எல்லாமே அழகு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி, கடைக்குப் போகும்போது கையிலும் வைத்துக்கொள்.

நீ கேட்டது இரண்டு விஷயம். கம்பிகளின் சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிடியான ட்ரெமலோ பாரை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையக் கூடாது. ஒரு மணி நேரம் வாசித்தாலும் இடது கட்டைவிரலின் அடி வலிக்கக் கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் நீளமான கழுத்தை, முதலில் பார், ட்ரெமலோவை அப்புறம் பார். ட்ரெமலோவில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசியைப் பட்டறையில் சரி செய்துவிடலாம். நட்டை (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும், பள்ளம் வெட்டிய துண்டு) மாற்றலாம், கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீயை மாற்றலாம், ஸ்பிரிங்கைக் கூட்டலாம், குறைக்கலாம். நெக் கைக்கு ஒத்துவராமல் போனால், வேறு நெக் வாங்கிப் பூட்டும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு வேறு கிட்டாரே வாங்கிவிடலாம்.

உன் கைவலி பற்றி யோசித்துப் பார்த்தேன். இப்போது நீ வாசிக்கும் கிட்டாரின் நெக் தடிமனானது, பின்பக்கம் பளபளவென்று வார்னிஷ் போட்டது. வியர்வை பட்டால் உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும், நகர்த்த நீ கூடுதலாக அழுத்துவாய். அதனால் பின்பக்கம் பளபளப்பு இல்லாமல் தேய்த்து விட்ட நெக்கை மட்டும் பார். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மேலே கீழே ஓடி வாசிக்கும் கைக்கு இதுதான் முதலில் தெரியும் சுகம்.

தடிமன் விஷயத்தில் அவசரப்படாதே. மெல்லிய நெக் என்றால் வலிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். ஐபனெஸ் கம்பெனியின் ஆர்ஜி வகையில் வரும் விசார்ட் 3 நெக் முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 19 மில்லிமீட்டர்தான், 12வது ஃப்ரெட்டில் 21. கட்டைவிரலை நெக்கின் பின்நடுவில் வைத்து வேகமாக வாசிக்கிறவர்களுக்கு அது சொர்க்கம். நீ அப்படி வாசிப்பதில்லை. உன் கட்டைவிரல் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும், கம்பியை இழுக்கும்போது நெக்கையே கைப்பிடியாகப் பிடிப்பாய். அப்படிப் பிடிக்கிறவர்களுக்கு உள்ளங்கையை நிரப்பும், பின்பக்கம் சி எழுத்துப் போல வளைந்த நெக் இதமாக இருக்கும். ரொம்ப மெல்லியதாக இருந்தால் பிடிப்புக் கிடைக்காமல் கட்டைவிரல் இன்னும் இறுகும், வலி கூடும். உன் கை சின்னது என்பதற்காக மட்டும் மெல்லிய நெக்கை எடுக்காதே.

கை சின்னது என்பதற்குச் சரியான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. நட்டிலிருந்து பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகள் வந்து முடியும் பகுதி) வரை கம்பி எவ்வளவு நீளம் என்று பார். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) 25.5 அங்குலம், கிப்சனில் 24.75, பிஆர்எஸ்ஸில் பெரும்பாலும் 25. அரை அங்குலம்தானே என்று நினைக்காதே. நீளம் குறைந்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கும், அதே கம்பி அதே சுருதியில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டைப் பிடித்து அஞ்சு நிமிஷம் வைத்திருந்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

அப்புறம் ஃபிங்கர்போர்டின், அதாவது விரல் பதியும் பலகையின், வளைவு. வளைவின் ஆரத்தை அங்குலத்தில் சொல்வார்கள், எண் சின்னதானால் வளைவு அதிகம். பழைய ஃபெண்டரில் 7.25 அங்குல வளைவு. கார்டு பிடிக்க அருமையாக இருக்கும், மேலே 15வது ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் இழுத்தால் கம்பி அடுத்த ஃப்ரெட்டில் தட்டி ஒலி செத்துப்போகும். இப்போது வரும் ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5, பிஆர்எஸ்ஸில் 10, ஐபனெஸ் ஏசட்டில் 12. உனக்கு 9.5க்கும் 12க்கும் இடையில் எது இருந்தாலும் சரிதான். ஆனால் கடையில் ஒவ்வொரு கிட்டாரிலும் முதல் இரண்டு கம்பிகளை மேலே இழுத்துப் பார்க்காமல் வைத்துவிடாதே.

ஆம்ப்ளிஃபையரில் செருகுவதற்கு முன்னால் இதையெல்லாம் செய். உட்கார்ந்து வாசி, பிறகு ஸ்ட்ராப் போட்டு நின்று வாசி. விரலை நெக்கின் இரு ஓரமும் ஓட்டிப் பார், ஃப்ரெட் முனை குத்துகிறதா என்று. அங்கே ஜெர்மனியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டு போகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். மரம் அப்போது சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது, முனை வெளியே துருத்தும். சூட்டில் வறுத்த மேப்பிள் மர நெக் இதில் கொஞ்சம் உறுதி. இல்லாவிட்டால் அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்.

சரி, இப்போது ட்ரெமலோ. நீ ஏன் அதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதில் வீணையில் கம்பியை இழுத்து கமகம் வாசித்த கை உனக்கு. இழுத்தால் ஸ்வரம் மேலேதான் போகும். பாரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் ஸ்வரத்தை மேலேயும் கீழேயும் ஒரே மூச்சில் வளைக்கலாம். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் பாரிலேயே ஒரு மெட்டைப் பாடவைத்ததைக் கேட்டிருக்கிறாய். அவர் வைத்திருந்தது பூட்டு இல்லாத ஸ்ட்ராட் பிரிட்ஜ்தான். உராய்வைக் குறைக்க நட்டில் ரோலர் போட்டிருந்தார். உனக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்: உராய்வு.

லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கொண்டுவந்த அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான கிட்டார்களில் இருக்கிறது. முன்னால் ஆறு கம்பிகள் பிரிட்ஜை ஒரு பக்கம் இழுக்கின்றன, உடம்புக்குள்ளே பின்பக்கம் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. இரண்டும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்க வேண்டும். 10-46 கம்பி (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்ட ஸ்ட்ராட்டில் மொத்த இழுப்பு சுமார் 47 கிலோ. 9-42 என்றால் சுமார் 38 கிலோ. அதனால்தான் கம்பியின் அளவை மாற்றினால் ஸ்பிரிங்கையும் திருத்த வேண்டியிருக்கிறது.

பாரை அழுத்தும்போது கம்பி தளர்ந்து, நட்டின் பள்ளத்தில் கொஞ்சம் கீ பக்கம் வழுக்கும். பாரை விட்டதும் அதே தூரம் திரும்பி வர வேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் முழுதாகத் திரும்பாது, கம்பி சுருதிக்கு மேலேயே நின்றுவிடும். கம்பியை விரலால் இழுத்து விட்டால் இதற்கு நேர்மாறு, சுருதிக்குக் கீழே நிற்கும். இதை வைத்தே கடையில் கண்டுபிடித்துவிடலாம். கிளிப் ட்யூனர் எடுத்துப் போ. ஆறு கம்பியையும் சேர்த்துவிட்டு, பாரைக் கம்பிகள் தொளதொளவென்று ஆகும்வரை சில தடவை அழுத்தி விடு. ட்யூனரைப் பார். பிறகு மூன்றாவது கம்பியை ஒரு முழு ஸ்வரம் இழுத்து விட்டு மறுபடி பார். மேலே நின்றாலும் கீழே நின்றாலும் முதல் சந்தேகம் நட்டின் மேல்தான். சுருதி சேர்க்கும்போதே நட்டில் "டிங்" என்று ஒரு சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்காக கிட்டாரை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பள்ளத்தைச் சரியாக அராவி, பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதி குணமாகிவிடும். நான் செய்கிற வேலையில் இதுதான் அதிகம்.

இதில் எதுவும் வழிக்கு வரவில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால் பிரிட்ஜின் அச்சைப் பார். இரண்டு தூணில் நிற்கும் பிரிட்ஜில் தூணைத் தொடும் கத்தி போன்ற விளிம்பு கூர்மையாக, தேயாமல் இருக்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிடு.

நீ ஆசைப்படும் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற பூட்டு ட்ரெமலோ பற்றி. அது அற்புதமான கண்டுபிடிப்பு, மறுக்க மாட்டேன். நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிடுவதால் நட்டில் வழுக்கும் பிரச்சினையே கிடையாது. அதைப் பல வருஷம் செய்து கொடுத்த ஷாலர் நிறுவனம் உங்கள் நியூரம்பெர்க் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நீ உன் குழுவில் பாட்டுக்குப் பாட்டு ஆறாவது கம்பியை டி ஸ்வரத்துக்கு இறக்குகிறாய். உடம்பில் படியாமல் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பக்கம் பலம் கூடி மற்ற ஐந்தும் மேலே ஏறும். பூட்டைத் திறந்து, எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து, மறுபடி பூட்ட வேண்டும். மேடையில் பாடகர் காத்துக்கொண்டிருப்பார். மேலும் மலிவான கிட்டார்களில் வரும் பூட்டு பிரிட்ஜ்களின் உலோகம் மென்மையாக இருப்பதுண்டு. விளிம்பு தேய்ந்து என்னிடம் வந்த கிட்டார்களைப் பார்த்துதான் சொல்கிறேன். ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டுமானால் நல்லதாக வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே. உன் வாசிப்புக்கு அது வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

உனக்கு வேண்டியது பூட்டில்லாத இரண்டு தூண் பிரிட்ஜ், நன்றாக வெட்டிய நட், கம்பியை உள்ளேயே இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் கீ. லாக்கிங் கீயில் கம்பியைப் பல சுற்று சுற்ற வேண்டாம். சுற்று குறைந்தால் தளர்ச்சியும் குறையும். யமஹா பசிஃபிகா 612இல் வில்கின்சன் பிரிட்ஜ், க்ரோவர் லாக்கிங் கீ, க்ராஃப்டெக் நட் எல்லாமே கம்பெனியிலிருந்தே பூட்டி வரும். விலைக்கு இவ்வளவு ஒழுங்கான ட்ரெமலோ கிடைப்பது அபூர்வம். பிஆர்எஸ் எஸ்இ கஸ்டம் 24இல் நீளம் 25 அங்குலம், நெக் அகலமாக, கொஞ்சம் மெல்லியதாக இருக்கும். உன் கைக்கு அது ஒத்துக்கொண்டால் எனக்கு ஆச்சரியமில்லை. அதில் லாக்கிங் கீ இல்லாவிட்டால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஃபெண்டர் ப்ளேயர் 2 ஸ்ட்ராட்டில் ஃபிங்கர்போர்டு ஓரத்தை உருட்டி விட்டிருக்கிறார்கள், ரொம்ப நாள் வாசித்த கிட்டார் மாதிரி கையில் உட்காரும். கைக்காசு தாராளமாக இருந்தால் ஐபனெஸ் ஏசட்டையும் எடுத்துப் பார்: வறுத்த மேப்பிள் நெக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட், கோட்டோ பிரிட்ஜ். பிக்கப், கலர் இரண்டையும் உன் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதே, பாப்பா. ஒரே மாடலில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு கிட்டாரின் நெக் கூட ஒரே மாதிரி இருக்காது. தோமான் என்ற இசைக்கருவிக் கடை பாம்பெர்க் பக்கத்தில் ட்ரெப்பன்டார்ஃப் என்ற சின்ன கிராமத்தில்தான் இருக்கிறது, நீ இருக்கும் எர்லாங்கனிலிருந்து காரில் போய் வந்துவிடலாம். பாதி நாளை அங்கேயே கழி.

இன்னொன்று. உன் ஊருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் பூபன்ராய்ட்டுக்கு இதுவரை போயிருக்கிறாயா? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு செக் நாட்டுப் பொஹீமியாவின் ஷோன்பாக் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட வயலின் தச்சர்கள் குடியேறிய ஊர் அது. ஹோஃப்னர் கம்பெனியும் அங்கேதான் மறுபடி எழுந்தது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கினாரே, வயலின் வடிவ பேஸ் கிட்டார், அது ஹோஃப்னர்தான். வீடு வாசலை எல்லாம் இழந்து வந்தவர்கள் கைத்தொழிலை மட்டும் வைத்து ஓர் ஊரையே நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கென்று அங்கே ஒரு அருங்காட்சியகம் உண்டு. என்னால் இப்போது வர முடியாது, நீ போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

கிட்டார் வாங்கி வீட்டுக்கு வந்ததும் புதுக் கம்பி போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக இழுத்து இழுத்துச் சேர். புதுக் கம்பி நீளாமல் சுருதியில் நிற்காது, அதற்கு ட்ரெமலோவைக் குறை சொல்லக் கூடாது. பிரிட்ஜைப் பின்பக்கம் கொஞ்சம் மிதக்க விடு, உடம்புக்கு மேலே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பாரை மேலே இழுத்தால் மூன்றாவது கம்பி மூன்று அரைஸ்வரம் ஏறுகிறதா என்று பார், உன் கமகத்துக்கு அது தாராளம். கம்பி அறுந்துபோகும் பயம் இருக்கும் கச்சேரிக்கு ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை உடம்போடு உட்காரவைத்துவிடு. கீழே மட்டும்தான் போகும், ஆனால் ஒன்று அறுந்தாலும் மற்றவை அசையாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் வீடியோ கால் போடு, இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை. நட்டையும் பிரிட்ஜையும் கிட்டத்தில் காட்டு, பாரை அழுத்தி விட்டு ட்யூனரைக் காட்டு. அப்புறம் கேமராவை உன் இடது கைக்குத் திருப்பி ஏதாவது வாசி. உன் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் அவளுக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா