மனமா, உடலா என்று நடந்த வழக்கு

அன்பு மகளுக்கு,

பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்று கூறி மருத்துவர் உன்னை மனநல மருத்துவரிடம் அனுப்பியதைத் தொலைபேசியில் சொன்னபோது, உன் குரலில் கோபத்தைவிட அவமானமே மிகுந்திருந்தது. அன்றிலிருந்து நாட்பட்ட சோர்வு நோய்க்குறி பற்றித் தேடிப் படித்துவருகிறேன். உனக்குச் சொல்லப்பட்டது உனக்கு முன்பே பல ஆயிரம் பேருக்குச் சொல்லப்பட்டதுதான். ஒரே மூச்சில் படிக்க இயலாவிட்டால் விட்டுவிட்டுப் படி.

1955-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் ஊழியர்கள், இன்று உன் நோயோடு சேர்த்துப் பேசப்படும், அன்று விளங்காத ஒரு நோயில் விழுந்ததால் மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. நோயாளிகளை நேரில் கவனித்த மெல்வின் ராம்சே என்ற மருத்துவர், அது உடலைத் தாக்கிய நோய்தான் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 1969-இல் உலக சுகாதார நிறுவனமும் அதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டே மெக்கெவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள், பழைய நோய்க் குறிப்பேடுகளை மட்டும் ஆராய்ந்துவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா, அதாவது மனக் கலக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி உடல் அறிகுறிகளாக வெளிப்படுவது, என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. செவிலியர் நிறைந்த இடத்தில் வேறு யார் அதிகம் படுத்திருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இதே போன்ற நோய் பரவியபோது, செய்தித்தாள்கள் அதை வசதியுள்ள இளைஞர்களின் காய்ச்சல் என்று கேலி செய்தன. அதன் பின் ஹிஸ்டீரியா என்ற பேச்சு குறைந்து, அதைவிட நாகரிகமான ஒரு விளக்கம் வந்தது: தொடக்கத்தில் ஏதோ ஒரு தொற்று இருந்திருக்கலாம், ஆனால் நோயை நீடிக்கச் செய்வது நோயாளியின் அச்சமும், அசையாமல் கிடப்பதால் வரும் பலவீனமுமே என்பது அது. ஆகவே எண்ணங்களைத் திருத்தும் உளவியல் சிகிச்சையும், படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும் மருந்தாயின.

இந்த இரண்டும் பயன் தருகின்றன என்று 641 பேரை வைத்து நடத்தப்பட்ட பேஸ் ஆய்வு 2011-இல் லான்செட் இதழில் வெளியானது. அதில் ஒரு கணக்கைக் கவனி. உடல் செயல்திறனுக்கான 100 மதிப்பெண்ணில் 65-உம் அதற்குக் கீழும் பெற்றவர்களே நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். ஆனால் குணமடைந்தோரை எண்ணி 2013-இல் எழுதிய கட்டுரையில், அந்த அளவுகோலில் 60 இருந்தாலே போதும் என்று வைத்துக்கொண்டனர். அதாவது, சேர்ந்ததைவிட மோசமான நிலையில் இருப்பவரும் அந்த ஒரு நிபந்தனையைத் தாண்டிவிடலாம்! 2016-இல் பிரிட்டனின் தகவல் உரிமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் தரவுகள் வெளிவந்து, முதலில் வகுத்த விதிகளின்படி மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஆய்வாளர்கள் தங்கள் முடிவை இன்றும் கைவிடவில்லை.

உடல் நோய் என்று வாதிட்டவர்களும் சறுக்காமல் இல்லை. 2009-இல் ஒரு வைரஸே காரணம் என்று சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும், 2015-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் இதை உடல் முழுவதையும் பாதிக்கும் கடுமையான நோய் என்று அறிவித்தது. சிறு உழைப்புக்குப் பின்னும் நிலைமை மோசமாவதை அதன் முக்கிய அடையாளமாகக் கொண்டது. 2021-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைத் தரக் கூடாது என்றும், உளவியல் சிகிச்சை நோயைத் தீர்க்காது, துணையாக மட்டும் இருக்கலாம் என்றும் வழிகாட்டியது.

மனநல மருத்துவரைப் பார்ப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லையம்மா. நீண்ட நோய் தரும் மனச்சோர்வுக்கு அவரால் உதவ முடியும். எனக்குக் கவலை தருவது, அவர் அடுத்து என்ன செய்யச் சொல்வார் என்பதுதான். வாரந்தோறும் நடையைக் கூட்டச் சொன்னால், துணி மடித்த மறுநாள் உன்னால் எழுந்திருக்கவே முடியாமல் போனதைத் தேதியோடு எழுதிக் காட்டி, இதற்கு என்ன விளக்கம் என்று கேள். உன் அக்காவையும் உடன் அழைத்துப் போ, பேசக் களைத்துவிட்டால் அவள் பேசுவாள்.

அன்புடன்,
அப்பா