ப்ரீ-ரிசீவில் எதை வைப்பது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. சர்வர் பொறுப்பு மொத்தமும் உன் தலையில் வந்து விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா? இரண்டையும் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே. என் முதுகுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கிட் சர்வரின் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள்தானே கிட்) ப்ரீ-ரிசீவ் ஹூக்கில், அதாவது ஒருவர் தன் மாற்றங்களை சர்வருக்கு அனுப்பும்போது (புஷ்) அவற்றை ஏற்பதற்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்டில், நீ வைக்கப்போகும் சோதனைகளின் பட்டியலைப் பார்த்தேன். யூனிட் டெஸ்ட், ஃபார்மட் சோதனை, கமிட் (சேமித்த ஒரு மாற்றம்) செய்தியில் டிக்கெட் (வேலைப் பதிவு) எண், பெரிய ஃபைல் தடுப்பு, பாஸ்வேர்டு தேடல், மெயின் பிராஞ்சுக்கு (முதன்மைக் கிளைக்கு) பாதுகாப்பு. அதில் பாதியை அடித்துவிடு என்பதுதான் என் பதில்.

சர்வரில் வைக்க வேண்டும் என்று நீ நினைத்தது சரிதான். ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும் ஹூக்கை நம்பி எந்த விதியையும் போட முடியாது. ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை) க்ளோன் செய்யும்போது, அதாவது முழுதாக நகலெடுக்கும்போது, ஹூக் கூடவே வராது. வந்தாலும் ‘நோ-வெரிஃபை’ என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தால் ப்ரீ-கமிட் ஹூக்கை (கமிட்டுக்கு முன் ஓடுவது) தாண்டிப் போய்விடலாம். அது அவரவர் வசதிக்கு. யாராலும் தாண்ட முடியாத இடம் சர்வர்தான். ஆனால் தாண்ட முடியாது என்பதற்காகவே அங்கே குறைவாக வைக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் டெஸ்ட். ப்ரீ-ரிசீவ் முடியும்வரை புஷ் செய்தவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரு தொல்லை என்றால், இன்னொன்று ஆபத்து. சர்வரில் இருப்பது பேர் (bare) ரெப்போ, அதில் வரலாறு மட்டும்தான், ஃபைல்களை விரித்து வைக்கும் ஒர்க்கிங் ட்ரீ கிடையாது. டெஸ்ட் ஓட்ட வேண்டுமானால் வந்த கோடை எங்கேயாவது எடுத்து விரித்து, அங்கேயே இயக்க வேண்டும். இன்னும் ஏற்றுக்கொள்ளவே இல்லாத, யாரும் படித்துப் பார்க்காத கோடை, எல்லா ரெப்போவும் எந்தக் கணக்கின் கையில் இருக்கிறதோ அதே கணக்கில் இயக்குகிறாய். புஷ் உரிமை உள்ள யார் வேண்டுமானாலும் ஒரு டெஸ்ட் ஃபைலுக்குள் எதையாவது எழுதி உன் சர்வரில் ஓடவிடலாம். டெஸ்டுக்குத் தனி இயந்திரம் வை. புஷ் உள்ளே வந்தபிறகு அங்கே ஓடட்டும், மெயினில் சேர்ப்பதற்கு முன் முடிவைப் பார்த்தால் போதும்.

ஃபார்மட்டும் அப்படித்தான். உள்ளே வந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? அடுத்த கமிட்டில் சரிசெய்துகொள்ளலாம். வந்தபிறகு எடுக்கவே முடியாதது எது என்று பார். பாஸ்வேர்டு, தனிச் சாவி, ராட்சத பைனரி ஃபைல் இவைதான். ஒரு தடவை வரலாற்றில் ஏறிவிட்டால் எல்லோருடைய க்ளோனிலும் போய் உட்கார்ந்துவிடும். எடுக்க வேண்டுமானால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், கமிட் அடையாளங்கள் (ஒவ்வொரு கமிட்டையும் குறிக்கும் நீண்ட குறியீடுகள்) மாறும், குழுவே திண்டாடும். இவற்றுக்குத்தான் ப்ரீ-ரிசீவ். அதுவும் 2016 இறுதியில் வந்த கிட் 2.11 முதல் இதற்கு இன்னொரு வசதி இருக்கிறது. புஷ்ஷில் வரும் ஆப்ஜெக்டுகள் (ஃபைல், கமிட் முதலியவை) முதலில் தனியாக ஒரு தற்காலிக டைரக்டரியில் ஒதுங்கி நிற்கும். ஹூக் சம்மதித்தால்தான் உள்ளே போகும், மறுத்தால் அப்படியே அழிந்துபோகும். முன்பெல்லாம் மறுத்த பிறகும் குப்பை டிஸ்கில் கிடக்கும்.

டிக்கெட் எண் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உன் மேலாளர் கேட்டால் வைத்துக்கொள். கட்டாயப்படுத்தினால் பாதிப் பேர் கையில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள்.

மெயின் பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ்ஷை (பழைய வரலாற்றை மேலெழுதும் புஷ்ஷை) தடுக்க ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருக்கிறாய். நிறுத்திவிட்டு, முதலில் ரெப்போவின் கான்ஃபிகில் ‘ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ்’, ‘ரிசீவ்.டினைடிலீட்ஸ்’ இரண்டையும் பார். முதலாவது வரலாற்றை மேலெழுதுவதையும், இரண்டாவது பிராஞ்சை நீக்குவதையும் தடுக்கும். ரெப்போ முழுவதுக்கும் ஒரே விதி போதுமென்றால் ஒரு வரிகூட எழுத வேண்டாம். மெயினுக்கு ஒரு விதி, மற்றவற்றுக்கு வேறு விதி என்றால்தான் ஹூக் வேண்டும். அதற்கும் அப்டேட் ஹூக்கே பொருத்தம். ப்ரீ-ரிசீவ் ஒரு புஷ்ஷுக்கு ஒரே ஒரு தடவைதான் ஓடும், மறுத்தால் எல்லா பிராஞ்சும் திரும்பிவிடும். அப்டேட் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாக ஓடும். மூன்று பிராஞ்சை ஒன்றாக அனுப்பினால் ஒன்றை மட்டும் மறுத்து மற்ற இரண்டையும் விடலாம். பிராஞ்ச் பெயர், அது சுட்டும் கமிட்டின் பழைய அடையாளம், புதிய அடையாளம் மூன்றும் ஆர்கியுமென்டாகவே வந்துவிடும். ப்ரீ-ரிசீவில் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து வரிவரியாகப் படிக்க வேண்டும்.

இப்போது பெரிய ஃபைல் ஸ்கிரிப்ட். நீ அனுப்பிய வரைவில் பழைய அடையாளத்துக்கும் புதியதற்கும் இடையே டிஃப் (வித்தியாசம்) எடுக்கிறாய். அங்கே இரண்டு ஓட்டைகள். ஒருவர் ஒரு கமிட்டில் பெரிய ஃபைலைச் சேர்த்து, அடுத்த கமிட்டில் நீக்கி, இரண்டையும் சேர்த்து அனுப்பினால் டிஃபில் ஒன்றுமே தெரியாது. ஆனால் ஃபைல் வரலாற்றில் பத்திரமாக ஏறிவிடும். பாஸ்வேர்டுக்கும் இதே கதைதான். ‘ஐயோ’ என்று நீக்கிவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவது ஓட்டை, புதிய பிராஞ்ச். அப்போது பழைய அடையாளம் என்று வருவது வெறும் பூஜ்யங்கள். பிராஞ்சை நீக்கினால் புதியது பூஜ்யமாக வரும். வழக்கமான ரெப்போவில் 40 பூஜ்யம், ஷா-256 என்ற நீண்ட அடையாள முறையில் இருக்கும் ரெப்போவில் 64. எண்ணிக்கையை ஸ்கிரிப்டில் எழுதிவைக்காதே, எல்லாம் பூஜ்யமா என்று மட்டும் பார்.

டிஃபை விட்டுவிட்டு ரெவ்-லிஸ்ட்டுக்கு (கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் கட்டளைக்கு) மாறு. புதிய அடையாளத்தைக் கொடுத்து, கூடவே ‘நாட் ஆல்’ என்று இரண்டு ஆப்ஷன்கள் சேர்த்தால், ரெப்போவில் எந்த பிராஞ்சிலும் டேகிலும் (ஒரு கமிட்டுக்கு வைத்த பெயரிலும்) இதுவரை இல்லாத கமிட்டுகள் மட்டும் கிடைக்கும். ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஆப்ஷனும் சேர்த்து அந்தப் பட்டியலை கேட்-ஃபைலின் பேட்ச்-செக்குக்கு (ஆப்ஜெக்டுகளின் விவரத்தை மொத்தமாகச் சொல்லும் கட்டளைக்கு) அனுப்பு, அளவுகள் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனி புராசெஸ் திறந்தால் பெரிய புஷ் நகரவே நகராது. பிராஞ்ச் நீக்கமாக இருந்தால் இதெல்லாம் எதுவும் வேண்டாம், முதலிலேயே தாண்டிவிடு. இதே ரெவ்-லிஸ்ட் வரியை அப்படியே போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் (புஷ்ஷை ஏற்றபிறகு ஓடுவது) ஒட்டினால் வெறுமையாகத்தான் வரும். அதற்குள் பிராஞ்ச் நகர்ந்திருக்கும், எல்லாமே ‘இருப்பவை’ ஆகியிருக்கும்.

மறுப்புச் செய்தியைக் கொஞ்சம் யோசித்து எழுது. ஸ்கிரிப்ட் அச்சிடுவதெல்லாம் புஷ் செய்தவர் திரையில் ‘ரிமோட்’ என்ற முன்னொட்டோடு தெரியும். ‘விதி மீறல்’ என்று மட்டும் போட்டால் அவர் உன்னிடம்தான் வந்து நிற்பார். எந்தக் கமிட், எந்த ஃபைல், எத்தனை எம்பி, அடுத்து என்ன செய்ய வேண்டும், நாலையும் சொல். ‘ஃபைலை நீக்கிப் புதிய கமிட் போட்டால் போதாது, அந்தக் கமிட்டையே திருத்த வேண்டும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். வாசலில் நிற்கும் காவலாளி காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினால், வந்தவர் சுவரேறிக் குதிக்கத்தானே பார்ப்பார்?

மெயில் அனுப்புவது, டெஸ்ட் இயந்திரத்துக்குத் தகவல் கொடுப்பது எல்லாம் போஸ்ட்-ரிசீவில். அது தோற்றாலும் புஷ் திரும்பாது. ஆனால் அது முடியும்வரை இணைப்பு விடாது. பின்னணியில் அனுப்புகிறாய் என்றால் அவுட்புட், எர்ரர் இரண்டையும் வேறெங்காவது திருப்பிவிடு, இல்லாவிட்டால் பின்னணிக்கு அனுப்பியும் பயனில்லை. இன்னொன்று: ஹூக்கில் கிட்-டிர் (எந்த ரெப்போ என்று கிட்டுக்குச் சொல்வது) என்ற என்விரான்மென்ட் வேரியபிள் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும். வேறு டைரக்டரிக்குப் போய் கிட் புல் (மாற்றங்களை இழுக்கும் கட்டளை) கொடுத்தால் ‘இது ரெப்போவே இல்லை’ என்று சாதிக்கும். முதலில் அதை அன்செட் செய்.

அந்த ஒரு பழைய சப்வெர்ஷன் (கிட் போலவே மாற்றங்களைச் சேமிக்கும் இன்னொரு மென்பொருள்) ரெப்போவும் உன் தலையில்தானா? அங்கே ஹூக்குகள் கிட்டத்தட்ட காலியான என்விரான்மென்ட்டில் ஓடும், பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) கூட இருக்காது. எஸ்விஎன்லுக் (ரெப்போவுக்குள் பார்க்க உதவும் கட்டளை) உட்பட எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடு. அங்கே சர்வரிலேயே ஓடும் ப்ரீ-கமிட்டில், வந்த ஃபைலைத் திருத்தி எழுதும் வேலை மட்டும் வேண்டாம். கமிட் செய்தவர் கையில் ஒன்றும் சர்வரில் ஒன்றுமாக இருக்கும், அவருக்குத் தெரியவும் தெரியாது. பழைய கமிட் செய்தியில் எழுத்துப்பிழை திருத்த முடியவில்லை என்று யாராவது வந்தால், ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் ஹூக் இல்லை என்று அர்த்தம். அந்தச் செய்திகளுக்குப் பழைய பதிப்பு எங்கும் சேமிக்கப்படாது, அதனால் ஹூக் வைத்து நீயே அனுமதித்தால்தான் சப்வெர்ஷன் மாற்றவிடும். எனக்கு இதில் சப்வெர்ஷன் மேல் மரியாதைதான்.

கிட்ஹப் டாட் காமுக்கு (கிட் ரெப்போக்களை வைத்துக்கொள்ளும் இணையத் தளத்துக்கு) எல்லாவற்றையும் மாற்றலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அங்கே உன் சொந்த ப்ரீ-ரிசீவ் ஸ்கிரிப்டை வைக்க முடியாது, அவர்கள் தரும் பாதுகாப்பு விதிகளோடு நிற்க வேண்டும். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் கிட்ஹப் எண்டர்பிரைஸிலும் கிட்லேபிலும் முடியும். பட்டியலைச் சுருக்கியபிறகு அந்த விதிகளே போதும் என்று உனக்கே தோன்றலாம்.

ஸ்கிரிப்டுகளைத் தனியாக ஒரு ரெப்போவில் போட்டு வை. எக்ஸிக்யூட் அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இல்லையென்றால் கிட் ஹூக்கை ஓட்டாமலே புஷ்ஷை ஏற்றுக்கொள்ளும். திருத்திய வரைவை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லையே? உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி