தினமும் தாமதமாக வரும் பையனின் வகுப்பாசிரியருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் போனில் சொன்னதிலிருந்து அந்தப் பையன் நினைப்பாகவே இருக்கிறது. அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார், அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், அதனால் அப்பாவை எழுப்பி, உடம்பு துடைத்து, உடை மாற்றி, சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு ஓடி வருகிறான். வந்து சேரும்போது முதல் பீரியடு பாதி போய்விடுகிறது. "இவனுக்கு நான் என்னக்கா செய்யட்டும்?" என்று கேட்டீர்கள். போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற ஆசிரியர்களும் படிக்கட்டும். பையன் யாரென்று தெரியும்படி எதையும் எழுதவில்லை.

உங்களுக்கு விஷயம் தெரியவந்ததே பெரிது. வீட்டில் முடியாதவரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தினப்படி வாழ்க்கை, சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகவே தோன்றாது. அம்மாவுக்கு மனநோய், அப்பாவுக்குக் குடி என்றால் வெட்கம் வேறு சேர்ந்துகொள்ளும். வெளியே தெரிந்தால் நம்மைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. இங்கிலாந்தில் பள்ளிகள் அரசுக்கு வருடாவருடம் கொடுக்கும் கணக்கில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் 2023 முதல் கேட்கிறார்கள். முதல் வருடம் பெரும்பாலான பள்ளிகள் ஒருவர்கூட இல்லை என்றே எழுதிக்கொடுத்தன. இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஜப்பான் அரசு நேரடியாக மாணவர்களிடமே கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்களில் 5.7 சதவீதம் பேர் குடும்பத்தில் யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 40 பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறும், ஆனாலும் உங்கள் வகுப்பில் இவன் ஒருவன்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏனென்றால் எல்லாரும் தாமதமாக வருவதில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண், வீட்டுப்பாடம் ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஆனால் விளையாட்டு, சுற்றுலா, ஆண்டுவிழா ஒத்திகை எதற்கும் நிற்க மாட்டாள், மணி அடித்ததும் ஓடிவிடுவாள். அவள் அம்மாவுக்கு வலிப்பு நோய். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டிவைத்திருந்தாள், நிமிடம் எண்ணுவதற்கு. பதிமூன்று வயசு.

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். "நீ இங்கே இருக்கும்போது வீட்டில் அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாத பிள்ளையிடம் என்றால் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வாய் என்று சும்மா பேச்சுக்கொடுங்கள். தனியாக, நடந்துகொண்டே கேட்பது நல்லது. எதிரே உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். தலைமையாசிரியரிடம் பேசி அவனுக்கென்று ஒரு வரும் நேரம் முடிவுசெய்துவிடுங்கள், அந்த நேரத்துக்குள் வந்தால் அது தாமதம் இல்லை. வாசலில் நிற்கவைப்பது, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வது, காரணம் கேட்டு எல்லார் முன்னாலும் பேசவைப்பது, இதெல்லாம் அன்றோடு நிற்க வேண்டும். முதல் பீரியடு தினமும் கணக்கு என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது அதை மாற்றிப்போட முடியுமா பாருங்கள், விட்டுப்போனால் பிடிக்க முடியாத பாடம் அது. வீட்டுப்பாடத்தில் எது அவசியமோ அதை மட்டும் கேளுங்கள், அதையும் பள்ளியிலேயே உட்கார்ந்து முடிக்க ஒரு இடம் கொடுங்கள். அப்புறம் போன். இடைவேளையில் ஒரு தடவை வீட்டுக்குப் பேச அவனை அனுமதித்தே ஆக வேண்டும். அப்பா கட்டிலிலிருந்து விழுந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் காதில் எந்தப் பாடம் ஏறும்? விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காலை வணக்கக் கூட்டத்தில் அவனை மேடையேற்றி "அப்பாவைத் தாங்கும் பிள்ளையைப் பாருங்கள்" என்று பாராட்டாதீர்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு தன்னால் முடியவில்லை, களைப்பாக இருக்கிறது, சில நாள் அப்பாமேல் கோபம் கோபமாக வருகிறது என்று அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? கைதட்டல் வாங்கினவன் அதெல்லாம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொள்வான். அவன் கோபத்தையும் கேட்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும், கேட்டுவிட்டு அறிவுரை சொல்லாமலும் இருக்க வேண்டும். யார் யாருக்கு விஷயம் தெரியலாம் என்பதையும் முதலில் அவனிடமே கேளுங்கள். அவனுக்கோ அப்பாவுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது, அதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தாலும் பள்ளி கொடுப்பது பகல் நேர ஆறுதல்தான். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பையன் செய்துகொண்டிருக்கிறான் என்பது மாறவில்லை. ஆள் ஒருவரைத் தனியாகத் தூக்கி உட்காரவைப்பது வளரும் பையனின் முதுகுக்கு ஆகாது. எப்படிப் புரட்டுவது, எப்படிப் பிடித்து நகர்த்துவது என்று பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வீட்டுக்கு வந்து காட்டினாலே சுமை குறையும். உடம்பு துடைத்து உடை மாற்றுவதற்குப் பெரியவர் யாராவது வரும்படி ஏற்பாடு வேண்டும். இங்கிலாந்தில் 2014இல் வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிட வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை. ஜப்பானும் 2024இல் சட்டத்தைத் திருத்தி, உதவி பெற வேண்டியவர்களில் இவர்களையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் இருக்கிற இடமோ இல்லாத இடமோ, அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா, மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை கிடைக்குமா, முறை வைத்து வரக்கூடிய உறவினர் உண்டா என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள், அவருக்கு ஓய்வான நேரம் கேட்டு நீங்களே போன் செய்யுங்கள். குற்றம் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்திருப்பார், பையன் நன்றாகச் செய்கிற ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

அவன் விளையாடவும் வேண்டும். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையில் ஓய்வும் விளையாட்டும் 31ஆம் பிரிவாகவே இருக்கின்றன. பாடம் விட்டுப்போயிற்று என்று அவன் பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள், வேறு யார் கேட்டாலும் விடாதீர்கள்.

ஆண்டுத் தேர்வு தேதி வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் காலை நேரங்களில் அப்பாவோடு இருக்க இப்போதே ஆள் பார்த்தால்தான் உண்டு.

அன்புடன்,
அக்கா