2468: ஒரு கெரிஸை வாசித்துத் தந்தவர்களுக்கு

அன்பானவர்களுக்கு,

ஒரு கெரிஸில், அதாவது ஜாவாக் குத்துவாளில், பதித்திருந்த எழுத்தைப் படிப்பதற்காக ஐந்து மாதமாக உங்களை ஒவ்வொருவராகத் தொந்தரவு செய்திருக்கிறேன். தனித்தனியாக நன்றி சொன்னால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். உங்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு என் ஓட்டை இந்தோனேசிய மொழியில் நேரிலேயே சொல்லிவிட்டேன். நம் ஆட்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி ஜாவாவிலிருக்கும் சோலோ நகரத்துக் கடைக்காரருக்கு. கெரிஸ் என்றால் பாம்பு மாதிரி நெளிந்திருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். அவர் எடுத்து வைத்தது நேரான அலகு. அலகின் மேல் துருவுக்கு அடியில் பித்தளைக் கம்பி பதித்து ஏதோ எழுத்து. "என்ன விலை?" என்றதும் அவர் முகம் மாறியது. கெரிஸுக்கு விலை சொல்ல மாட்டார்களாம், மஹர் என்பார்களாம். நிக்காஹில் மணமகன் கொடுக்கும் அதே மஹர்தான். சரி, மஹர் கொடுத்தேன். அலகை உருவப் போனேன், அதற்கும் தடுத்தார். கத்தியை அசைக்காமல் உறையைத்தான் கழற்ற வேண்டுமாம்.

அதன்பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே உப்புத்தாளை எடுத்து அலகின் அடிப்பாகத்தைத் தேய்த்தேன். துரு போயிற்று. கூடவே நகத்துணுக்கு அளவில் ஒரு பித்தளைக் கம்பியும் பெயர்ந்து தரையில் விழுந்தது. விழுந்ததை அப்போது நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் பெருக்கும்போது எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்தவர் வீட்டுக்கார அம்மா (இங்கே அம்மாவை 'இபு' என்பார்கள்). இபு, அந்தத் தீப்பெட்டிக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராது.

(அலகின் அடியில் தனியாகப் பொருத்தும் இரும்புத் துண்டுக்கு இங்கே 'கஞ்சா' என்று பெயர். "கஞ்சாவைத் தேய்த்துக் கெடுத்துவிட்டேன்" என்று ஊரிலிருக்கும் மனைவியிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போதைப்பொருள் சட்டம் இவ்வளவு கடுமையான நாட்டில் இருந்துகொண்டு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.)

உப்புத்தாளைப் பிடுங்கிப் போட்டு என்னை யோக்யகர்த்தா பக்கத்துக் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போன அலுவலகத் தம்பிக்கு நன்றி. அங்கே கெரிஸ் குளிப்பாட்டும் பெரியவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'ம்பா', அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜாவாவில் சுரோ மாதத்தில், அதாவது முஹர்ரத்தில், கெரிஸ்களைக் கழுவுவது வழக்கம். எனக்காக அவர் மாதம் பார்க்கவில்லை. எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டையும் போட்டுத் துருவை எடுத்தார். பூந்திக்கொட்டையைப் பார்த்ததும் பாட்டி வீட்டுக் கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது. கடைசியாக எலுமிச்சைச் சாற்றில் கரைத்த பாஷாணத்தைப் பூசினார். இரும்பு கறுத்தது. பமோர் என்று சொல்லும் நிக்கல் கலந்த வரிகள் வெள்ளையாக எழும்பி வந்தன. கம்பி எழுத்துகள் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்தன. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை உப்புத்தாள் தொட்டால் கையை வெட்டிவிடுவதாகவும் சொன்னார்.

அலகின் நீளத்துக்கும் ஓடுவது அரபு எழுத்து. அலுவலகத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, "அல்லாஹ்" என்ற சொல் இருப்பதால் இது இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாதான் என்றார். நானும் நம்பினேன். காயல்பட்டினத்துக் காக்காவுக்குப் (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) படம் அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். "தம்பி, லா இலாஹ இல்லல்லாஹ்ல மூணே எழுத்துதான். அலிஃப், லாம், ஹா. ஒரு புள்ளி கூட வராது. உங்க கத்தியில ஸாத் எழுத்து மாதிரி ஒரு வயிறு இருக்கே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" கலிமாவைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர்க்காரன்தான் நானும். அதில் மூன்றே எழுத்து என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கொல்லர் புள்ளி எதையும் பதிக்கவில்லை என்பதையும் முதலில் கண்டுபிடித்தவர் காக்காதான். புள்ளி இல்லாவிட்டால் சொல்லின் நடுவில் பா, தா, நூன், யா நான்கும் ஒரே பல்லாகத்தான் தெரியும். அரபு எழுத்தில் புள்ளிகள் சேர்த்துத் தமிழ் எழுதும் அர்வியைப் படித்துப் பழகியவர் என்பதால், புள்ளி இல்லாதது அவர் கண்ணில் உடனே பட்டிருக்கிறது.

வரியை முழுசாகச் சொன்னவர் பெசந்த்ரென் என்ற மார்க்கப் பள்ளியின் கியாயி. (மார்க்க ஆசிரியருக்கும் கியாயி, போற்றி வைத்திருக்கும் கெரிஸுக்கும் கியாயி. இரண்டு பேருக்கும் இங்கே ஒரே பட்டம்.) ஸாதையும் ராவையும் பார்த்தார், மீதியை ஒரே மூச்சில் ஓதிவிட்டார். "நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்." அல்லாஹ்விடமிருந்து உதவியும் அண்மையில் வெற்றியும். குர்ஆனின் 61-ஆம் அத்தியாயம், 13-ஆம் வசனம். போர்க்கொடிகளிலும் வாள்களிலும் நிறையப் பொறிக்கப்பட்ட வசனம்.

நான் துள்ளிக் குதித்தேன். நெதர்லாந்தின் லைடனில் சுவடி படிக்கும் தோழி மட்டும் குதிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தைக் கண் தானாகவே நிரப்பிவிடும், கம்பியைக் கோடு கோடாக எண்ணு என்றார். பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பதினேழு படம் எடுக்கச் சொன்னார். எண்ணினோம். முதல் நான்கு சொற்களும் உறுதி. கடைசிச் சொல்லில் காஃபும் ராவும்தான் மிச்சம். "கரீப் என்பதை அடைப்புக்குறிக்குள் போடு" என்றார். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வதும் அதுதான். போட்டுவிட்டேன். கியாயிக்கு இதில் வருத்தம் உண்டு என்று தெரியும். ஆனால் குறிப்பேட்டில் அவர் பக்கம் சேர எனக்கு மனம் வரவில்லை.

கஞ்சாவில் இருந்த நான்கு எண்களைப் பற்றி நான்தான் எல்லோரையும் குழப்பினேன். 1268 என்று படித்தேன். ஹிஜ்ரி 1268 என்றால் 1851-52. தேதி போட்ட கெரிஸ் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியும்விட்டேன். தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தேய்ப்பதற்கு முன்னால் எடுத்த படம் இருக்கிறதா?" கடையில் எடுத்த மங்கலான படம் ஒன்று போனில் இருந்தது. அதில் முதல் எண்ணுக்கு மேலே ஒரு கொக்கி இருந்தது. அரபு 2-இன் கொக்கியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கோடு, அதாவது 1. அந்தக் கொக்கி தீப்பெட்டிக்குள் இருந்தது. அடுத்த 4-இன் பாதி துருவில் புதைந்து எனக்கு 2 ஆகத் தெரிந்திருக்கிறது.

ஆக அது 2468. ஆண்டு இல்லை. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு 1 முதல் 9 வரை நிரப்பி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரச் செய்தால் மூலைகளில் நிற்பவை இந்த நான்கும்தான். நம் பழைய கணக்கில் 2-க்கு உ, 8-க்கு அ போல, அரபில் 2-க்கு பா, 4-க்கு தால், 6-க்கு வாவ், 8-க்கு ஹா. சேர்த்தால் 'புதூஹ்'. காப்புக்காக எழுதும் சொல். "786 போட்டே கடிதம் எழுதிப் பழகின எனக்கு இது தெரியாமப் போச்சே" என்று காக்கா ரொம்ப நொந்துகொண்டார்.

கொக்கியை ம்பா திரும்பவும் பதித்துக் கொடுத்துவிட்டார். தேதி போனதால் கெரிஸின் மதிப்பும் இறங்கிவிட்டது என்கிறார் கடைக்காரர். இறங்கட்டும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் 2468-ஐக் கடிதத்தின் மேலும் எழுதுவார்கள் என்றார் தோழி, பத்திரமாகப் போய்ச் சேருவதற்காக. நீங்கள் எல்லோரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலின் தலையிலும் போட்டிருக்கிறேன்.